டப்பாவுக்கு வைத்த பொட்டு

— ஒரே ஒரு பொட்டுதான் வெச்சேன் மஜீது பாய். அதுக்குப் போயி ஒரு டப்பா உசுர வுட்டுடுமா?

— ஒரு பொட்டுக்கு ஒண்ணும் ஆகாது கிருஷ்ணப்பண்ணே. வயர் சொருகுற வாயில கொண்டுபோயி வெச்சிருக்கீங்களே!

— வாயில வெக்கல பாய், நடு முதுகுல வெச்சேன். ஆயுத பூஜ ஆச்சே. கம்ப்யூட்டருக்கு, மிக்சிக்கு, வாசல்ல நிக்கிற சைக்கிளுக்கு, எல்லாத்துக்கும் வெச்சேன். எங்க யார்டுல கிரேனுக்கே மால போடுறோம். இந்த ஹார்டு டிஸ்க்கு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? கம்ப்யூட்டர்ல கீறத எல்லாம் ஒரு காப்பி எடுத்து வவுத்துல வெச்சிக்கினு சொம்மா கெடக்குது. ஒரு மருவாதி வேணாமா?

— மரியாத பண்ணதோட விட்டீங்களா?

— எங்க வுட்டேன். மறுநா வயர சொருகுனா உள்ள போவல. சந்தனம் ஒழுகி அடச்சிக்கிச்சு போலன்னு ஊக்கு வுட்டு நோண்டுனேன்.

— ஊக்கா!

— அப்பால வாயால ஊதுனேன். அப்பால கொஞ்சூண்டு தேங்கா எண்ண.

— அண்ணே, நீங்க கண்டெய்னர் யார்டுல வேல பாக்குற ஆளு. மிஷினு பக்கத்துலயே இருக்கறவரு.

— பாய், கண்டெய்னர எறக்குறவன் வேற. எத்தினி எறங்குச்சுன்னு எண்ணறவன் நானு. எண்ணறவன் கைக்கு எண்ணதான் தோணுச்சு.

— சிரிப்பு வருது, ஆனா சிரிக்க மாட்டேன். எண்ணெ விட்டதுக்கு அப்புறம் வயர் போச்சா?

— போச்சு. போயி, டிக்கு டிக்குனு பல்லி கத்துற மாதிரி ஒரு சத்தம். லைட்டு ஒரு வாட்டி மினுக்குச்சு, அத்தோட கண்ண மூடிக்கிச்சு.

— வேற வயர் மாத்திப் பாத்தீங்களா? கம்ப்யூட்டருக்குப் பின்னாடி இருக்கற ஓட்டையில?

— எல்லா ஓட்டையிலயும் பாத்துட்டேன். டிவி பின்னால கூட வுட்டேன்.

— பொறுங்க, லாரி போவட்டும். இந்தக் காலடிப்பேட்டைக்கு உள்ள இருந்தும் மெயின் ரோட்டுல கண்டெய்னர் போனா என் மேச ஆடுது. டிஸ்க்கு சுத்தும்போது ஆடக்கூடாது. ம்… போயிடுச்சு. சொல்லுங்க, உள்ள என்ன இருக்கு? போனா போகட்டும்னு சொல்ற சாமானா?

— ஆபீஸ் பேப்பர்தான்.

— ஆபீஸ் பேப்பருக்கா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?

— …ஒரு ஃபோல்டர் கீது பாய். எழிலுன்னு பேரு. அது வந்தா போதும். மத்தது கடல்ல போட்டுடு.

— எழில் யாரு?

— எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. எழில்மொழி. அதும் போட்டோ எல்லாம் அதுலதான் கீது. கம்ப்யூட்டர்ல இருந்தத ஒரு கோவத்துல நானே அழிச்சிட்டேன். அழிச்ச மறுநாதான் ஞாபகம் வந்துச்சு, இந்த டப்பாவுல ஒரு காப்பி கீதேன்னு. நாயித்துக்கெழமையில தொறந்து பாத்துக்குவேன்.

— இருந்துச்சுன்னா… இப்ப?

— இல்ல. நாலு வருஷம் ஆச்சு. இங்க பட்டினத்தார் கோயிலாண்ட கடல்ல, நானும் மங்கம்மாவும் போயி தல முழுகிட்டு வந்தோம். திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. முழுகி எழுந்து வெளிய வந்தேன், பின்னால வர அவளயும் பாக்காம விறுவிறுன்னு வூடு வந்து சேந்துட்டேன்.

— மன்னிச்சுக்குங்கண்ணே. தெரியாமக் கேட்டுட்டேன்.

— அட, நீ இன்னா பண்ணுவே. டப்பாவப் பாரு.

— ஸ்பிரிட்டுல தொடச்சு எடுக்குறேன். சந்தனம் கட்டியா வருது… அண்ணே, ஒரு பொட்டுதான் வெச்சீங்களா?

— சத்தியமா ஒண்ணு.

— இங்க ஏழு இருக்கு.

— ஏழா?

— முதுகுல ஒண்ணு பெருசா. அது உங்களுது. ஓரத்துல சுத்தி அஞ்சு, சின்னச் சின்னதா. ஏழாவது வாயில. இது ஒழுகி வந்த சந்தனம் இல்லண்ணே. யாரோ விரலால உள்ள தள்ளியிருக்காங்க, அழுத்தி அழுத்தி. இந்தப் பூதக்கண்ணாடியில பாருங்க. வாயோரத்துல காஞ்ச சந்தனத்துல ரேக தெரியுதா?

— தெரியுது.

— உங்க சுண்டு விரல வைங்க பாப்போம். பாதிகூட பத்தல பாருங்க. இது மூணு நாலு வயசுப் புள்ள விரலு.

— எங்க வூட்ல ஏதுப்பா புள்ள? நானும் அவளுந்தான். சின்னப்புள்ளத்தனமா நடந்துக்கறவன் ஒருத்தன் கீறான், அவனுக்கு அம்பத்தாறு வயசு.

— பக்கத்து வீட்டுப் புள்ள?

— பக்கத்து வூட்ல கீறது பைப்பு கொடோன்.

— வீட்டுல ஒரு போன் போட்டுக் கேளுங்க.

— கேக்கலாம். பதில் வராது. கல்யாணம் ஆயி முப்பது வருஷம், அவ வாயிலேர்ந்து நேரா ஒரு பதில் வந்ததில்ல. கேள்வி கேட்டா கேள்விதான் திரும்பி வரும். ஸ்பீக்கர்ல போடுறேன், நீயே கேளு… மங்கா, அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவ நீ தொட்டியா?

— எந்த டப்பா?

— பூஜப் பலகையில வெச்சேனே, அதும்மே.

— பூஜையில வெச்சத யாராவது தொடுவாங்களா?

— தொட்டியா, இல்லியா?

— தொட்டா நீ வெச்ச பொட்டு அழிஞ்சிருக்காதா?

— ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லேன் தாயே!

— நெத்திலி காயப் போட்டுகீறேன், காக்கா வந்தா நீயா ஓட்டுவே? வை போன.

— பாத்தியா பாய்? கோர்ட்டுல வக்கீலா வுட்டிருக்கணும். நெத்திலி காயவெக்கிறா.

— சரிண்ணே. இந்த வெளிக் கூட்டுல இருக்கற போர்டு போச்சு. எண்ணெயும் ஊக்கும் பண்ண வேல. அதனாலதான் டிக்கு டிக்குனு கத்தியிருக்கு, கரண்டு பத்தல. கூட்ட ஒடச்சு உள்ள இருக்கற டிஸ்க்க மட்டும் வெளிய எடுத்து, என் வயர்ல நேரா மாட்டுறேன். மூச்ச மெதுவா விடுங்க.

— மூச்சே வுடல.

— கேளுங்க… சுத்துது. சத்தம் சுத்தமா இருக்கு. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல.

— கீதா? எழிலு கீதா உள்ள?

— பொறுங்க. முதல்ல எல்லாத்தையும் என் டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்துடுறேன். உங்கள நம்பித் திருப்பிக் குடுக்க முடியாது… ம். அண்ணே, உங்க வீட்டுல எத்தன கம்ப்யூட்டர்?

— ஒண்ணு.

— இதுல ரெண்டு கம்ப்யூட்டர் பேக்கப் ஆயிருக்கு. ஒண்ணு பேரு 'நைனா'.

— அது எங்க வூட்டுதுதான். அவதான் அப்டி பேரு வெச்சு செட் பண்ணிக் குடுத்தா. என்ன நைனான்னுதான் கூப்புடுவா.

— ரெண்டாவது பேரு 'எழில்'.

— அவ லேப்டாப்பு. போறப்ப எடுத்துக்கினு போயிட்டா.

— போறப்பன்னா? எங்க போறப்ப?

— அத வுடு பாய். டிஸ்க்கப் பாரு.

— சரி, விடுங்க. லேப்டாப்பு யாருகிட்டயாவது இருக்கும். இது வயர சொருகுனா தானா பேக்கப் எடுக்கற மாதிரி செட் பண்ணியிருக்கு. கடைசியா எடுத்தது… அண்ணே, ஆயுத பூஜ என்னைக்கு?

— ஒண்ணாந்தேதி. பொதங்கெழம.

— ஒண்ணாந்தேதி பகல் பதினொண்ணு இருவதுக்கு 'எழில்' பேக்கப் ஆயிருக்கு.

— அது எப்டி? பத்து மணிக்கு நான் பொட்டு வெச்சு, பலகையில வெச்சு, சூடம் காட்டிட்டு யார்டு பூஜைக்குப் போயிட்டேன். பூஜையில வெச்ச சாமான அன்னிக்குப் பூரா எடுக்கக்கூடாதே. வயர் கூட நான் கழட்டி பீரோ மேல வெச்சேன்!

— அதுக்கு முந்தின பேக்கப்பும் புதன்கிழம. அதுக்கு முந்தினதும். எல்லாம் பகல் பதினொண்ணு, பதினொண்ணரை. புதன்கிழம நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்களா?

— பொதங்கெழம கப்பல் வர நாளு. எனக்கு டபுள் ஷிப்டு. காலைல போனா ராவுதான். பாய், அந்த நம்பர் எல்லாம் கொழம்பிப் போயிருக்கும். எண்ண வுட்டேன்ல?

— எண்ணெய் விட்டா புதன்கிழமையா பாத்துக் கொழம்பாதுண்ணே. நீங்க இத்தன நாளா பாக்கலயா?

— நான் அந்த ஒரு ஃபோல்டர்தான் தொறப்பேன். வேற எதுனா தொட்டா அதும் பூடுமோன்னு பயம்.

— முதல் பேக்கப் தேதி பாக்குறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி. புயல் வந்து ஊரெல்லாம் தண்ணி நின்னுச்சே, அந்த டிசம்பருக்கு அடுத்த மாசம்.

— இன்னொரு வாட்டி சொல்லு.

— தண்ணி வந்ததுக்கு அடுத்த மாசம். ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் பக்கமா உக்காருங்க.

— ஒண்ணுமில்ல. மேல பாரு.

— புள்ள எறந்து நாலு வருஷம்னீங்க. எறந்து ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் புள்ள லேப்டாப்பு உங்க வீட்டுக்கு வர ஆரம்பிக்குது. வாரா வாரம் வருது. நீங்க இல்லாத நேரமாப் பாத்து.

— பாய், நீ படத்துல வர மாதிரி பேசாத. பகல் மூணு மணி. வெளிய பஜ்ஜி போடுறான்.

— நான் பேசலண்ணே, டிஸ்க்கு பேசுது. அந்த ஒண்ணாந்தேதி பேக்கப்புல என்ன இருக்குன்னு பாத்துடலாமா?

— …பாரு.

— அன்னைக்குப் புதுசா ஒரு போட்டோ சேந்திருக்கு. தொறக்குறேன்… யா அல்லா.

— இன்னா? திருப்பு இப்டி, நான் பாக்குறேன்.

— இது உங்க வீடுதானே?

— எங்க வூடுதான். என் பிளாஸ்டிக் நாற்காலி. என் பழைய மஞ்ச ஹெல்மெட்டு, முன்ன யார்டுக்கு போட்டுக்கினு போவேனே, அது.

— நாற்காலியில உக்காந்து ஹெல்மெட்ட மாட்டிட்டிருக்கற கொழந்த?

— அது எழிலு.

— என்னண்ணே சொல்றீங்க?

— எழிலுதான் பாய். மூணு வயசுல. ஹெல்மெட்டு மூக்கு வரைக்கும் எறங்கி, முன் பல்லுல சந்து தெரிய சிரிக்குது பாரு. நான்தான் எடுத்தேன், பிலிம் கேமராவுல. பழைய போட்டோ. அட, இதுக்கா யா அல்லா, யா ரசூல்னு? என்னயும் பயமுறுத்திட்டியே!

— அந்தப் பழைய போட்டோ 'நைனா' பேக்கப்புல, எழில் ஃபோல்டர்ல இருக்கா?

— இருக்கும். ஸ்கேன் பண்ணி வெச்சா அவ.

— இருங்க, அதையும் தொறந்து பக்கத்துல வெக்கிறேன்… இதானே? இது அந்தக் காலத்து வீடு, சுவத்துல சுண்ணாம்பு. நாற்காலி மரம். இப்ப இந்தப் பக்கம் பாருங்க. நாற்காலி பிளாஸ்டிக். பின்னாடி ஃபிரிட்ஜு. அந்த ஃபிரிட்ஜு எப்ப வாங்குனீங்க?

— …போன வருஷம்.

— மேல சுவத்துல தேதி கிழிக்கற காலண்டர் தொங்குது. என்ன தேதி?

— ஒண்ணு.

— மாசம்?

— அக்டோபரு. நான்தான் பாய் அன்னிக்குக் காலைல கிழிச்சேன்.

— கொழந்த கையப் பாருங்க. ஆள்காட்டி விரலு.

— சந்தனம்.

— அண்ணே, பீரோ கண்ணாடியில ஒரு ஆளு தெரியுது. போட்டோ எடுக்கறவங்க. பொம்பள. தலமுடி பிரிஞ்சு கெடக்கு. ஆனா மூஞ்சி இருக்கற எடத்துல வெளிச்சம் மட்டுந்தான் இருக்கு.

— மூடு. மூடிடு பாய்.

— ஃபிளாஷ் அடிச்சிருக்கும்ணே. ஆனா எறந்து போனவங்க எப்படி ஃபிளாஷ் அடிப்பாங்க? நான் அஞ்சு வேள தொழுகுறவன், இந்த மாதிரி வெசயத்த நம்புறவன் இல்ல. ஆனாலும் கேக்குறேன். பொண்ணு எப்படி எறந்துச்சு? வீட்டுலயா?

— அவ செத்துட்டாளான்னு எனக்குத் தெரியாது பாய்.

— என்னது?

— நான்தான் செத்துட்டான்னு சொன்னேன். மீஞ்சூர்ல வேலைக்குப் போன எடத்துல ஷிபின்னு ஒரு வெல்டருப் பையன். ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு, அப்பாலதான் எனக்கு போன் பண்ணா. எல்லாத்தையும் என்கிட்ட மொதல்ல சொல்ற பொண்ணு. காது குத்துனப்ப யாரு குத்துனாங்கன்னு கூட என்கிட்டதான் வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணுச்சு. இத மட்டும் கடசியா சொல்லுச்சு. எனக்கு மண்டைக்கு ஏறிடுச்சு. இந்தக் கம்ப்யூட்டர்லயே குந்திக்கினு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பண்ணேன். அவ போட்டோ போட்டு, தோற்றம் மறைவு தேதி போட்டு, பிரிண்ட் எடுத்து, தெருவெல்லாம் ஒட்டுனேன். அழகா வந்துச்சு பாய் போஸ்டரு. அதான் கேவலம்.

— உயிரோட இருக்கற புள்ளைக்கா?

— உசுரோட கீற புள்ளைக்கு. தல முழுகி, காரியம் பண்ணி, வடையும் போட்டேன். வட நல்லாருக்குன்னு நாலு பேரு சொன்னாங்க. நானும் தலய ஆட்டுனேன்.

— அண்ணே…

— அப்பால தண்ணி வந்துச்சு. அவ இருந்த பக்கம் இடுப்பளவுன்னாங்க. வூட்டுக்குள்ள கம்பெனி எண்ணயும் சேறுமா பூந்துடுச்சுன்னாங்க. போய்ப் பாக்கணும்னு சட்டயப் போட்டேன், கழட்டுனேன். போட்டேன், கழட்டுனேன். போஸ்டர் ஒட்டுனவன் எந்த மூஞ்சியோட போவான்? மங்கம்மாவக் கேட்டேன், எழிலு உசுரோட கீறாளான்னு. "போஸ்டர் ஒட்டுனது நீ, உனக்குத் தெரியாததா?"ன்னா. அவ்ளோதான். இந்த ரெண்டு வருஷமா அதுக்குமேல ஒரு வார்த்த வாங்க முடியல.

— வேற யாரையும் கேக்கலயா?

— கேட்டா பதில் சொல்லிடுவாங்களே பாய். அந்த பயந்தான். யார்டுல வல்லரசுன்னு ஒருத்தன், அவன்தான் சொன்னான், உசுரோட கீறவங்களுக்குக் காரியம் பண்ணா எமன் கணக்கு கொழம்பிடும், ஒரு நா சரி பண்ண வந்துடுவான்னு. நான் சிரிச்சேன். சிரிச்சிட்டு வூட்டுக்கு வந்து பாத்தா, ஆணியில மாட்டுன பழைய ஹெல்மெட்டு கட்டிலுக்கு அடியில கெடக்குது.

— எப்ப?

— தண்ணி வந்ததுக்கு அப்பால. அதுலேர்ந்து இப்டித்தான். நாற்காலியில ஈரமா இருக்கும். ஃபிரிட்ஜு மேல என் இடுப்பு உசரத்துல ஒரு கோடு, சாக்பீசுல. ஒரு நா என் செருப்பு ரெண்டும் ஜோடியா பூஜ ரூம்ல. மங்கம்மாவக் கேட்டா, "வூடுன்னா சாமான் எடம் மாறாதா?"ன்றா.

— அதெல்லாம் புதன்கிழமையா?

— நான் கெழம பாக்கல. எண்ணறவன்தானே நானு, ஆயிரம் கண்டெய்னர் எண்ணுவேன். இத எண்ணல. எண்ணுனா வெளங்கிடும்னு எண்ணல. பாய், அவ தண்ணியில பூட்டா. நான் ஒட்டுன போஸ்டர உண்ம பண்ணிட்டு, சின்னக் கொழந்தையா திரும்பி வூட்டுக்கு வந்துகினு கீறா. எனக்குக் கோவம் வராத வயசா பாத்து வந்துகினு கீறா.

— அழாதீங்கண்ணே. தோ, தண்ணி குடிங்க. மறுபடி வீட்டுக்குப் போன் போடுங்க.

— வேணாம்.

— நான் போடுறேன். நம்பர் சொல்லுங்க. இல்ல, உங்க போன்லயே ஸ்பீக்கர்ல போடுறேன். ரிங்கு போவுது.

— இன்னாய்யா? காக்கா ஓட்டுறேன்னு சொன்னேன்ல?

— மங்கா. டப்பா தொறந்துடுச்சு.

— பாய் சரி பண்ணிட்டாரா?

— பண்ணிட்டாரு. உள்ள ஒரு போட்டோ கீது. என் நாற்காலியில எழிலு குந்திகினு கீது. மூணு வயசு. ஒண்ணாந்தேதி எடுத்தது.

— அழுவுறியா நீ?

— ஆமா. பாரு, நீ கேட்டே, நான் ஆமான்னு சொல்லிட்டேன். அதே மாதிரி நீயும் ஒரு வாட்டி சொல்லு. உன் கால்ல வேணா வுழுறேன், கேள்விய மட்டும் திருப்பிக் கேக்காத. எழிலு உசுரோட கீறாளா?

— உனக்கு எதுக்கு—

— மங்கா!

— …கீறா.

— பாய், கீறான்னு சொன்னாளா? உன் காதுல வுழுந்துச்சா?

— விழுந்துச்சுண்ணே. அல்ஹம்துலில்லாஹ்.

— அப்ப அந்தக் கொழந்த?

— உன் பேத்தி. தண்ணியில போட்டோ எல்லாம் பூடுச்சுன்னு எழிலு அழுதா. இந்த டப்பாவுல ஒரு காப்பி போட்டு வெய்யின்னு நான்தான் சொன்னேன். பொதங்கெழம பொதங்கெழம புள்ளயயும் லேப்டாப்பயும் தூக்கியாரா. பூஜ அன்னிக்கு நாங்க அசந்த நேரம், டப்பாவுக்குப் பசிக்குதுன்னு சொல்லி உன் பேத்தி அதும் வாயில சந்தனம் ஊட்டி வுட்டுடுச்சு.

— ரெண்டு வருஷமா என் வூட்டுக்கு வந்துகினு கீறாளா? அடிப்பாவி, நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கடலுக்குப் போனோம்? ஒண்ணாத்தானே அவளத் தல முழுகுனோம்?

— முழுகுனது நீ ஒருத்தன்தான்யா. நான் கரையில நின்னு உன் செருப்பப் பாத்துகினு இருந்தேன்.